வலது கையைத் தூக்கிய பிறகு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அதிகாரி வலது கையைத் தூக்கச் சொன்னார். சித்தி தூக்கினார், சித்தப்பாவும் மகளும் தூக்கினார்கள். விண்ணப்பத்தில் எழுதியதும் இனிச் சொல்லப்போவதும் உண்மை என்று மூவரும் உறுதி கொடுத்தார்கள். அதன் பிறகு நடந்த பேச்சு பத்து நிமிடம்கூட இல்லை. ஸ்பான்சர் செய்த அண்ணன் எந்த ஊரில் இருக்கிறார், சித்தப்பா எங்கெல்லாம் வேலை பார்த்தார், இதற்கு முன் வெளிநாடு போனதுண்டா என்று சில கேள்விகள். பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாக ஒரு தாள் வந்தது. அச்சடித்த வாக்கியங்கள், பக்கத்தில் வரிசையாகச் சின்னக் கட்டங்கள், ஒரு கட்டத்தில் மட்டும் பேனாவால் போட்ட டிக். விண்ணப்பம் நிர்வாகப் பரிசீலனையில் இருக்கிறது, முடிந்ததும் தெரிவிப்போம் என்பது அந்த வாக்கியத்தின் சாரம். என்ன பரிசீலனை, மூவரில் யாரைப் பற்றி, எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் தாளில் இல்லை.

வெளியே காத்திருந்த நான் முதலில் கேட்டது, "பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்களா, திருப்பிக் கொடுத்துட்டாங்களா?" என்றுதான். விசா வாசலில் நிற்கும் குடும்பங்கள் எல்லாம் கேட்கிற கேள்வி இது. பாஸ்போர்ட் உள்ளே தங்கிவிட்டால் விசா ஒட்டப்போகிறார்கள் என்று நம்பிக்கை. கைக்குத் திரும்பிவிட்டால் கலக்கம். இரண்டையுமே உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது, பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் பரிசீலிப்பதும் உண்டு. சித்தியின் கைப்பையில் மூன்று பாஸ்போர்ட்டும் இருந்தன. "இல்லேன்னு சொல்லலப்பா," என்றார். "இருக்குன்னும் சொல்லல."

மாமா நியூஜெர்சியிலிருந்து தன் தங்கைக்காக மனு போட்டது 2005-ல். அமெரிக்கக் குடிமக்களின் உடன்பிறந்தோருக்கென்று சட்டம் ஒதுக்கியிருப்பது வருடத்துக்குச் சுமார் 65,000 விசா. குடும்ப, வேலைவாய்ப்பு விசாக்கள் மொத்தத்தில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் சேர்ந்துகொள்ள, இந்தியர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. 2023-ல்தான் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த 18 வருடத்தைப் பற்றிச் சித்தி குறைபட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினில் எந்தத் தேதியில் மனு போட்டவர்கள் இப்போது அழைக்கப்படுகிறார்கள் என்று பார்க்கலாம். அந்தத் தேதி சில மாதம் ஊர்ந்தது, சில மாதம் நின்றது, எப்போதாவது பின்னோக்கியும் போனது. ஆனாலும் அது ஒரு வரிசை. முன்னால் எத்தனை வருடம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். நேர்காணலுக்குப் பிறகு வந்த காத்திருப்புதான் அந்தக் குடும்பத்தை அரித்தது. அதில் வரிசை கிடையாது.

அன்றிரவு தூதரகத்தின் நிலவர இணையப் பக்கத்தில் வழக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தோம். பரிசீலனையில் இருப்பதாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒரே சொல் இருந்தது: 'ரெஃப்யூஸ்டு'. மறுக்கப்பட்டது. சித்தியின் மகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கீழே சின்ன எழுத்தில், இது இறுதி மறுப்பாக இல்லாமலும் இருக்கலாம் என்கிற பொருளில் ஒரு விளக்கம் இருந்தது. அதைப் படிக்கும் நிதானம் அப்போது யாருக்கும் இல்லை.

இந்தச் சொல் தவறுதலாக வந்ததல்ல. இதைப் புரிந்துகொள்ள அந்த வலது கைக்குத் திரும்பிப் போக வேண்டும். குடியேற்ற விசா விண்ணப்பம், அதிகாரி முன்னால் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட்டதும்தான் சட்டப்படி முழுமையடைகிறது. அப்படி முழுமையடைந்த விண்ணப்பத்துக்கு அதிகாரி விசா கொடுக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும் என்கிறது அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதி. 'பிறகு பார்க்கலாம்' என்று மூன்றாவது வழியை அது தரவில்லை. விண்ணப்பதாரரை இழுத்தடிக்கக் கூடாது என்கிற நல்ல விதியாகத்தான் மேலோட்டமாகத் தெரியும். நடைமுறையில், முடிவெடுக்க இயலாத அதிகாரி 1952-ஆம் ஆண்டுக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 221(ஜி) பிரிவை எடுக்கிறார். விண்ணப்பமோ ஆவணங்களோ சட்டத்துக்குப் பொருந்திவரவில்லை என்றாலோ, விண்ணப்பதாரர் தகுதியற்றவர் என்று நம்பக் காரணம் இருந்தாலோ விசா தரக் கூடாது என்பது அந்தப் பிரிவு. தகுதி உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பதாரர் மேல் என்று அதே சட்டத்தின் 291-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, இன்னும் விசாரித்து முடியவில்லை என்ற நிலையையே 'நீங்கள் இன்னும் நிரூபிக்கவில்லை' என்று மாற்றி எழுத முடிகிறது. கோப்பு மறுக்கப்பட்டதாகப் பதிவாகிறது, பரிசீலனை உள்ளே தொடர்கிறது. 2020 மார்ச்சுக்கு முன்பு இணையப் பக்கமாவது 'நிர்வாகப் பரிசீலனை' என்று காட்டியது. அதன் பிறகு சட்டம் சொல்கிறபடியே 'மறுக்கப்பட்டது' என்று காட்டத் தொடங்கினார்கள்.

விசா அலுவலகத்தில் நடப்பது தாமதம் என்று நாம் நினைக்கிறோம். சட்டத்தின் பார்வையில் அங்கே தாமதம் என்று எதுவும் நடக்கவில்லை, முடிவு அன்றைக்கே சொல்லப்பட்டுவிட்டது. காத்திருப்புக்குச் சட்டத்தில் பெயரே இல்லாதபோது அதற்கு அளவு கேட்க முடியாது, காரணம் கேட்க முடியாது, நீதிமன்றத்தில் போய் முறையிடவும் முடியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

இந்த நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது? எல்லா விண்ணப்பதாரர்களின் பெயரும் முதலில் தூதரக எச்சரிக்கைத் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்க்கப்படும். ஏதாவது பெயரோடு ஒத்துப்போனால், அல்லது வேலை, படிப்பு, பயண வரலாறு கவனத்தை ஈர்த்தால், வாஷிங்டனிடம் பாதுகாப்புக் கருத்துக் கேட்கப்படும். அங்கிருந்து கேள்வி பல உளவு, புலனாய்வு அமைப்புகளுக்குப் போகும். நுணுக்கத் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு 'மான்டிஸ்' என்று தனிப் பெயரிலேயே ஒரு சோதனை உண்டு. 2017 மே முதல் சிலரிடம் கூடுதல் படிவம் ஒன்றும் கேட்கிறார்கள். 15 வருடப் பயணங்கள், அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, 15 வருட முகவரிகள், வேலைகள், இதுவரை வைத்திருந்த பாஸ்போர்ட் எண்கள், உடன்பிறந்தோர் பெயர்கள், ஐந்து வருடத் தொலைபேசி எண்கள், மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகள். 2010-ல் பெங்களூரில் எந்த வாடகை வீட்டில் எத்தனை மாதம் இருந்தோம் என்று தேதியோடு எழுத நம்மில் எத்தனை பேரால் முடியும்?

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க ஆவணத்தில் முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் 'எஃப்.என்.யூ.' என்ற மூன்று எழுத்துகள் பெயராக ஏறிவிடும். அதோடு முடிவதில்லை. 'சிவகுமார்' என்பதன் முதலெழுத்துக்கு ஒருவர் எஸ் போடுவார், இன்னொருவர் எஸ்.எச். போடுவார், இலங்கையில் ஒருவர் சி போட்டிருப்பார். 'ழ'வுக்கு இசட்.எச். போட்டவரும் எல் போட்டவரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் வேறு மாதிரி. இதையெல்லாம் சமாளிக்க, தரவுத்தளம் உச்சரிப்பு நெருக்கத்தை வைத்தும் தேடுகிறது. வலை அகலமாகும்போது அதில் சம்பந்தமில்லாதவர்களும் விழுவார்கள். சித்தப்பாவின் பெயர் தென் மாவட்டங்களில் ஒரு பேருந்தில் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். அதுதான் காரணமா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அமெரிக்கக் குடியேற்றத்தில் முடிவெடுக்கும் இடம் எப்போதும் கடல் கடந்து இருந்ததில்லை. 1892-ல் நியூயார்க் துறைமுகத்தில் திறந்த எல்லிஸ் தீவு நிலையத்தில், வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் சோதனை முடிந்து வெளியேறினார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். எண்ணிக்கை சிறியதானாலும் அந்த இரண்டு பேரின் கதி கொடியது. சொந்த ஊரில் நிலத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுக் கப்பலேறியவர்கள், திரும்பிப் போக வீடில்லாமல் அதே கப்பலில் ஏற்றப்பட்டார்கள். முதல் உலகப் போரின்போது 1917-ல் பாதுகாப்புக்காகத் தொடங்கிய விசா முறையை 1924-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறுவோர் அனைவருக்கும் நிரந்தரமாக்கியபோது, இந்தக் கொடுமையைத் தவிர்க்கலாம் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. புறப்படுவதற்கு முன்பே அவரவர் நாட்டில் முடிவைச் சொல்லிவிடலாம் என்றார்கள். அரசியல் அறிஞர் அரிஸ்டீட் ஸோல்பெர்க் இந்த மாற்றத்துக்கு வைத்த பெயர் 'ரிமோட் கன்ட்ரோல்'. எல்லை நாட்டின் கரையிலிருந்து கிளம்பி உலகெங்கும் உள்ள தூதரக ஜன்னல்களுக்குப் போய்விட்டது. எல்லிஸ் தீவில் தவித்து நின்றவர் அமெரிக்க மண்ணில் நின்றார். பத்திரிகையாளர் பார்த்தார், வழக்கறிஞர் பார்த்தார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கரை மணந்த எலன் நாஃப், 1948-ல் வந்திறங்கியவுடன் அங்கே தடுத்துவைக்கப்பட்டார். 1950-ல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் பத்திரிகைகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாமல் எழுப்பிய கூச்சலில் 1951-ல் உள்ளே விடப்பட்டார். சொந்த ஊரில், சொந்த வீட்டில் காத்திருப்பவருக்காக யார் கூச்சல் போடுவார்கள்? அவர் எங்கும் தடுத்துவைக்கப்படவில்லையே.

காத்திருப்பே கருவியாகப் பயன்பட்ட காலமும் உண்டு. 1940 ஜூன் 26-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவுத் துறையின் உதவிச் செயலர் பிரெக்கின்ரிட்ஜ் லாங் தன் சக அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடியேறுவோரின் வருகையைக் கால வரையறை இல்லாமல் நிறுத்திவைக்க முடியும். அதற்குச் சட்டம் எதையும் மாற்ற வேண்டாம். வழியில் முடிந்த தடைகளையெல்லாம் போடும்படியும், கூடுதல் சான்றுகள் கேட்கும்படியும், பலவித நிர்வாக உத்திகளால் விசாவை மேலும் மேலும் தள்ளிப்போடும்படியும் தூதர்களுக்குச் சொன்னால் போதும் என்பது அதன் சாரம். மறுவருடம் ஜூலையில், விசா முடிவுகள் தூதரகங்களிடமிருந்து எடுக்கப்பட்டு வாஷிங்டனில் பல துறைகள் சேர்ந்த குழுக்களின் பரிசீலனைக்குப் போயின. இன்றைய பாதுகாப்புச் சோதனை அந்தக் குழுக்களின் நேரடி வாரிசு என்று நான் சொல்லமாட்டேன். காலமும் நோக்கமும் வேறு. ஆனால் விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்த்த அதிகாரி ஒருவர், முடிவு வேறெங்கோ முகம் பார்க்காதவர்களிடம் என்ற அமைப்பு அப்போது உருவானதுதான்.

அந்த அமைப்பில் சிக்கியவர்களில் ஒருவர் ஓட்டோ ஃபிராங்க். மகள் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு தமிழ் வாசகர்களுக்கும் பழக்கமானது. அப்பாவின் விசாக் கோப்பு அவ்வளவு தெரியாது. 1938-ல் ராட்டர்டாமில் இருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பித்தார். 1940 மே 14 குண்டுவீச்சில் அந்த அலுவலகத்தின் காகிதங்கள் எரிந்துபோயின. 1941 ஏப்ரலில், கல்லூரிக் கால நண்பரும் அமெரிக்க வீட்டுவசதி ஆணையத்தின் தலைவருமான நேதன் ஸ்ட்ராஸுக்கு உதவி கேட்டு எழுதினார். சான்றுகள் சேர்ந்தன, பிணைப் பத்திரங்கள் தயாராயின. அதற்குள் விதிகள் மாறின. 1941 ஜூலையில் ஜெர்மன் ஆக்கிரமிப்புப் பகுதிகளில் அமெரிக்கத் தூதரக அலுவலகங்கள் மூடப்பட்டன. ஒரு வருடம் கழித்து, 1942 ஜூலையில், குடும்பம் மறைவிடத்துக்குள் போனது. ஆன் ஃபிராங்க் இல்லமும் அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகமும் 2018-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு என்னைத் தூங்கவிடவில்லை: அந்தக் குடும்பத்துக்கு அமெரிக்கா விசாவை மறுத்ததாக எங்கும் பதிவில்லை. நடைமுறையும் போரும் காலமும் சேர்ந்து கோப்பை நகரவிடாமல் செய்துவிட்டன.

இன்று நம்மவரில் இந்தக் காத்திருப்பின் கடுமையான வடிவத்தை அனுபவிப்பவர்கள் வன்னியிலிருந்து வந்த ஈழத் தமிழர்கள். 1997 அக்டோபர் 8-ல் விடுதலைப் புலிகளை அமெரிக்கா வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. பயங்கரவாத அமைப்புக்குப் 'பொருளுதவி' செய்தவருக்கு விசா இல்லை என்பது சட்டம். 2001-லும் 2005-லும் வந்த திருத்தங்கள் அதை இன்னும் அகலமாக்கின. பணம், உணவு, தங்க இடம், வண்டி எல்லாம் பொருளுதவிதான், தொகை சிறிதா பெரிதா என்ற பேச்சில்லை. இயக்கத்துக்கு வரி கட்டாமல் கிளிநொச்சியில் கடை வைக்க முடியாத காலத்தில், ஊரைவிட்டு வெளியே போகவே இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலத்தில் வாழ்ந்தவர்களை நோக்கி இந்தச் சட்டம் பேசுகிறது. ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-ல், கட்டாயத்தின் பேரில் செய்த உதவிக்குச் சட்டத்தில் தானாக விலக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. நிர்ப்பந்தத்தால் உதவியவர்களுக்கு விலக்குத் தரும் அதிகாரத்தை 2007 முதல் அரசு பயன்படுத்திவருகிறது. ஆனால் அது உரிமை இல்லை, அரசின் விருப்பம். அந்த விருப்பம் பிறக்கும்வரை கோப்பு கிடக்கும்.

அப்படி ஒருவர் விசாப் படிவத்தின் பாதுகாப்புக் கேள்விகள் இருக்கும் பக்கத்துக்கு வரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பயங்கரவாத அமைப்புக்கு எப்போதாவது நிதியோ வேறு ஆதரவோ அளித்ததுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒரு பெண், 2003-ல் கணவரின் கடைக்காக மாதாமாதம் கட்டிய காசை நினைக்கிறார். அதற்கு முன் ஒருநாள் இரவு வந்து சோறு கேட்ட பிள்ளைகளையும் நினைக்கிறார். அவர்களில் ஒருவன் பக்கத்து வீட்டுப் பையன். 'ஆம்' என்று போட்டால் தடைக்குக் கதவு திறக்கிறது. 'இல்லை' என்று போட்டு அது பொய்யென்று அதிகாரி முடிவுசெய்தால், தவறான தகவல் கொடுத்தவர் என்ற வாழ்நாள் தடை. 'கட்டாயப்படுத்தினார்கள்' என்று குறிக்க அங்கே மூன்றாவது கட்டம் இல்லை. விளக்கத்தை அவர் நேர்காணலிலும் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வழியாக, சில நிமிடங்களில். 2009 மேயில் போர் முடிந்தது, அந்த அமைப்பு களத்தில் இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது.

இப்படிக் கிடக்கும் கோப்பை நகர்த்த நீதிமன்றத்தால் முடியாதா? ஃபௌஸியா டின் என்ற அமெரிக்கக் குடிமகள் தன் ஆப்கானியக் கணவருக்காக 2006-ல் மனு செய்தார். கணவர் கனிஷ்கா பெராஷ்க் 2008 செப்டம்பரில் இஸ்லாமாபாத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போனார். இரண்டு முதல் ஆறு வாரத்தில் விசா வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பது மாதம் கழித்து வந்தது மறுப்பு. விளக்கம் கேட்டபோது கிடைத்தது பயங்கரவாதத் தொடர்பு பற்றிய சட்டப் பிரிவின் எண் மட்டும். தாலிபான் ஆட்சியில் அரசு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் எழுதும் எழுத்தராக இருந்ததுதான் காரணமாக இருக்கும் என்று குடும்பம் தானே ஊகிக்க வேண்டியிருந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் டின்னுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த சாண்ட்ரா முன்யோஸ் வழக்கும் இதே போன்றது. எல் சால்வடோர் நாட்டுக்காரரான அவர் கணவருக்கு 2015-ல் விசா மறுக்கப்பட்டது. குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்ற சந்தேகமே காரணம் என்பது மூன்று வருடம் கழித்து வழக்கின் நடுவில்தான் வெளியே வந்தது. அவர் உடம்பில் பச்சை குத்தியிருந்தவற்றில் குவாடலூப் மாதா படமும் சிக்மண்ட் ஃபிராய்டின் முகமும் உண்டு. 2024 ஜூன் 21-ல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவரான கணவரோ மனைவியோ நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்று கேட்கக் குடிமகளுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று தெளிவாகவே சொன்னது. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது, தூதரக அதிகாரியின் விசா முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்ற கோட்பாடு. அதன் வேர் 1889-ல் சீனத் தொழிலாளர்களை வெளியே நிறுத்திய தீர்ப்புவரை போகிறது.

முடிவை எதிர்க்க முடியாவிட்டாலும் முடிவெடு என்று கேட்கலாமே என்று பலர் மாண்டமஸ் மனுவோடு போகிறார்கள். குடிமக்களின் நெருங்கிய உறவினர் விண்ணப்பத்தை 30 நாளிலும் மற்ற குடும்ப விண்ணப்பங்களை 60 நாளிலும் பரிசீலிப்பது வெளியுறவுத் துறையின் கொள்கையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமே 1999-ல் எழுதிவைத்திருக்கிறது. நீதிமன்றங்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளவில்லை, விருப்பம் என்றுதான் படித்தன. தாமதம் நியாயமற்றதா என்று பார்க்க 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் ஆறு அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து, மூன்று முதல் ஐந்து வருடத் தாமதம் பல சமயம் நியாயமற்றதாகாது என்று 2019-ல் கலிபோர்னியாவின் மாவட்ட நீதிமன்றம் ஒன்று கணக்குச் சொன்னது. பிறகு 2024 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. 221(ஜி)யின் கீழ் மறுத்தவுடன் அதிகாரியின் கடமை முடிந்துவிடுகிறது, அந்தக் கோப்பை மறுபடி எடுத்து முடிவெடுக்கும்படி சட்டம் அவரை வற்புறுத்தவில்லை என்றது. சித்தியின் மகள் அன்றிரவு சத்தமாகப் படித்த அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு வலுவானது என்று இந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கிரீன் கார்டு லொத்தரில் விழுந்தவர்களின் நிலை இன்னும் மோசம். இந்தியர்களுக்கு அது இல்லை, இலங்கையருக்கு உண்டு. நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30 நள்ளிரவுக்குள் விசா அச்சாக வேண்டும். நேர்காணல் முடிந்து பரிசீலனையில் இருக்கும்போது அந்த இரவு கடந்துவிட்டால் அதிர்ஷ்டம் செத்துவிடும். 2020-ல் ஒரு நீதிபதி, அரசின் தடையால் விசா இழந்தவர்களுக்காக 9,095 விசாக்களை ஒதுக்கிவைக்க உத்தரவிட்டார். ஆண்டு முடிந்த பிறகு விசா கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2024-ல் மேல்முறையீட்டில் அது அடிபட்டது.

பாதுகாப்புச் சோதனையே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஒரு நாடு தன்னிடம் வருபவர் யார் என்று பார்க்கத்தான் பார்க்கும். வேறு விதமாகவும் பார்க்க முடியும் என்பதற்குக் கனடா பக்கத்திலேயே இருக்கிறது. அங்கும் சோதனை உண்டு, அங்கும் வருடக்கணக்கில் இழுக்கிறது. டொராண்டோத் தமிழர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் ஐந்து டாலர் கட்டி, கனடாவில் இருக்கும் ஒருவர் வழியாக, தன் கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். மனைவிக்கோ கணவனுக்கோ ஸ்பான்சர் செய்த மனு மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. தாமதம் எல்லை மீறினால் கூட்டாட்சி நீதிமன்றம் அரசிடம் திருப்தியான விளக்கம் கேட்கும். அமெரிக்கச் சட்டத்தின் 222(எஃப்) பிரிவோ விசாக் கோப்பை ரகசியம் என்று பூட்டிவைக்கிறது. விண்ணப்பதாரருக்குத் தன்னைப் பற்றி எழுதப்பட்டதே கிடைக்காது.

காத்திருப்பை ஆராய்ந்தவர்கள் சொல்வதைப் படிக்கும்போது சித்தி வீட்டைப் பார்ப்பது போலவே இருந்தது. முடிவு தெரியாத காத்திருப்பு, அளவு தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, காரணம் சொல்லப்பட்டதைவிட நீளமாகத் தோன்றும் என்று 1985-லேயே டேவிட் மெய்ஸ்டர் எழுதினார். கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்தவர்களை ஆராய்ந்த கேட் ஸ்வீனி, மனத்தைத் தேற்றிக்கொள்ள அவர்கள் கையாண்ட வழிகள் பெரிதாகப் பலிக்கவில்லை என்று கண்டார். புவெனஸ் அயர்ஸின் உதவி அலுவலகங்களில் காத்துக்கிடந்த ஏழைகளைப் பற்றி ஹாவியர் அவுயெரோ 2012-ல் எழுதிய புத்தகம், காத்திருக்கப் பழகும் மனிதர்கள் அரசுக்கு அடங்கிப்போகவும் பழகுகிறார்கள் என்கிறது. சித்தி எதிலும் அடங்கிப்போகிறவர் இல்லை. ஆனால் தூதரகத்துக்கு இரண்டாவது முறை மின்னஞ்சல் போடலாமா என்று கேட்டபோது, "வேண்டாம்பா, கோவிச்சுக்கிட்டா?" என்றார்.

இணையப் பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த நாள் என்று ஒரு வரி இருக்கும். விடிகாலையில் சித்தப்பா பார்ப்பது அதைத்தான். சில நாள் அந்தத் தேதி மாறியிருக்கும், மேலே சொல் மாறியிருக்காது. யாரோ கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்று அன்று முழுக்க வீட்டில் பேச்சு. திறந்து என்ன பார்த்தார்கள் என்று மறுநாள் பேச்சு. இதற்கிடையில் மற்ற காகிதங்களுக்கெல்லாம் ஆயுள் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவப் பரிசோதனை பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும். காலாவதியானதும் மூன்று பேரும் மறுபடி ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, பணம் கட்டினார்கள். காவல்துறைச் சான்றிதழும் அப்படியே.

மகளுக்கு வயது 22. பிள்ளைகள் 21 தாண்டினாலும் மனு நிலுவையில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2002-ல் வந்த சட்டத்தால்தான் அவள் பெயர் இன்னும் கோப்பில் இருக்கிறது. ஆனால் கல்யாணம் ஆனால் அந்த இடம் போய்விடும். அமெரிக்க மண்ணில் காலை வைக்கும்வரை அவள் கல்யாணம் ஆகாதவளாக இருக்க வேண்டும். நல்ல வரன் ஒன்று வந்தது. ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆறு மாதம் பொறுத்தார்கள், பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எப்படியும் போய்விடுவோம் என்று அவளும் படித்த படிப்புக்கான வேலையில் சேராமல் பக்கத்துப் பள்ளியில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறாள்.

மனு போட்டவர் இறந்துவிட்டால் மனுவும் தானாக ரத்தாகிவிடும் என்பதும் சட்டம். மனிதாபிமான அடிப்படையில் அதை மீட்கும்படி வேண்டிக்கொள்ளலாம், ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் விருப்பம். மாமாவுக்கு இப்போது 74 வயது. போன வருடம் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இந்த விதியைச் சித்தியிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று பல முறை நினைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலை மாமா கூப்பிட்டால், "அண்ணா, நல்லாயிருக்கியா?" என்று கேட்டுவிட்டு ஊர்க்கதைக்குப் போய்விடுவார். இப்போது அந்தக் கேள்விக்கு மாமா பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார். மாத்திரை பெயரைக் கேட்கிறார், நடைப்பயிற்சி போனாரா என்று கேட்கிறார், மூச்சு வாங்குகிறதா என்று கேட்கிறார். பாசத்தில்தான் கேட்கிறார், எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டு முடித்ததும், குற்றம் செய்தவரைப் போல் போனைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறார்.